பூட்டு நம்ம ஊரு... சாவி யாரு கையில?

ஒரு சின்ன விளையாட்டு. செல்போனைக் கையில எடுங்க. வேலைக்கு விண்ணப்பிக்கிற வெப்சைட், பஸ் டிக்கெட் புக் பண்ற வெப்சைட், ஸ்காலர்ஷிப் ஃபார்ம்... ஏதாவது ஒண்ணைத் திறங்க. 'இ-மெயில் முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா? அதில் ஆங்கிலம் கலக்காமல், முத்து@பூட்டு.இந்தியா என்று சுத்தத் தமிழில் அடித்துப் பாருங்க.

என்ன வந்தது? பெரும்பாலும் சிவப்பு எழுத்தில் ஒரு திட்டு வந்திருக்கும். 'சரியான முகவரியைத் தரவும்!'

இதில் தமாஷ் என்னவென்றால், நீங்க அடிச்ச முகவரியோட அமைப்பில் ஒரு தப்பும் இல்லை. உள்ளூர் எழுத்திலேயே முழு இ-மெயில் முகவரி வைத்துக்கொள்வதற்கான உலக விதிமுறை 2012-லேயே வந்துவிட்டது. '.இந்தியா' என்ற தமிழ் முகவரிக்கு அனுமதி கிடைத்தது 2011-ல். காகிதத்தில் எல்லாம் சரி. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்தான் உள்ளே விட மாட்டேங்கிறார்!

இந்த விதிமுறையெல்லாம் எங்கே, யார் போடுறாங்க? அந்த மேஜையில தமிழுக்கு நாற்காலி இருக்கா? இருந்தால் அதில் யார் உட்காருறாங்க? இதைத்தான் 'இன்டர்நெட் ஆளுகை' என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்கள். பயப்படாதீங்க, கொட்டாவி வர வைக்க மாட்டேன். ஏன்னா எனக்கு இது எங்க சித்தப்பாவோட விசிட்டிங் கார்டு சம்பந்தப்பட்ட விஷயம்.

சித்தப்பா கேட்ட கேள்வி

எனக்கு ஊர் திண்டுக்கல். பேரைச் சொன்னதும் உங்களுக்குப் பிரியாணி வாசம் அடிக்கும். தப்பில்லை. ஆனா எங்களுக்கு அதுக்கும் முன்னாடி பூட்டு. சித்தப்பாவுக்கு நாகல்நகர்ப் பக்கம் ஒரு சின்னப் பூட்டுப் பட்டறை. மெஷினில் ஒரே அச்சாக வந்து விழுகிற பூட்டுகளுக்கு நடுவில், இன்னும் அரத்தால் ராவி, கையால் பொருத்தி மாங்காய்ப் பூட்டு செய்கிற ஆள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்.

அந்த உற்சாகத்தில்தான் ஒருநாள் கேட்டார். "ஏன்டா தம்பி, இது திண்டுக்கல் பூட்டுதான்னு கவர்மென்டே முத்திரை குத்திருச்சு. நம்ம கடை அட்ரஸ் மட்டும் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்லதான் இருக்கணுமா? தமிழ்ல போட முடியாதா?"

நான் வெப்சைட் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். முடியும் என்று தெரியும். '.இந்தியா' என்று முடிகிற ஒரு தமிழ் முகவரியைப் பதிவு பண்ணிக் கொடுத்தேன். பிரவுசரில் அடித்ததும் கடை பளிச்சென்று திறந்தது. சித்தப்பா கையோடு 500 விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார், வெப்சைட்டும் இ-மெயிலும் தமிழிலேயே!

அதுக்கப்புறம்தான் கதை ஆரம்பம். ஆன்லைனில் பொருள் விற்கிற ஒரு தளத்தில் கடையைப் பதிவு செய்யப் போனோம். இ-மெயில் முகவரி செல்லாது என்று திருப்பி அனுப்பியது. வெளியூர் வியாபாரி ஒருத்தர் கார்டைப் பார்த்து ரேட் கேட்டு மெயில் போட்டிருக்கிறார். அது அவங்க ஆபீஸ் கம்ப்யூட்டரையே தாண்டவில்லை. ரெண்டு வாரம் கழித்துப் போனில் பேசும்போதுதான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஆர்டர் வேறு கைக்குப் போய்விட்டது.

சித்தப்பா கோபப்படவில்லை. பட்டறைக்காரர் மாதிரியே யோசித்தார். "பூட்டு செய்றவன் ஒரு ஊரு, சாவி வெட்டுறவன் ஒரு ஊருன்னா, ரெண்டு பேரும் முதல்லயே உக்காந்து அளவு பேசியிருக்கணும்டா. பேசலைன்னா எம்புட்டு நல்ல பூட்டா இருந்தாலும் திறக்காது. இதுல யாரு பேசாம விட்டது?"

இன்டர்நெட் விதிமுறை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. முதல்லயே உட்கார்ந்து அளவு பேசுறது. அவ்வளவுதான். யார் பேசினாங்க, யார் பேசாம விட்டாங்க என்று தேடப் போனபோதுதான், நம்ம ஆட்கள் செய்த ஒரு பெரிய வேலை கண்ணில் பட்டது.

கட்டம் கட்டமாத் தெரிஞ்ச தமிழ்

2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரவுசிங் சென்டருக்குப் போன அண்ணன், அக்கா யாராவது உங்க வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்க. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வெப்சைட்டைத் திறந்தால் தமிழ் தெரியாது. கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக ஏதோ தெரியும். 'எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருக்கும். அதை இறக்கினால் இந்தப் பத்திரிகை தெரியும், அடுத்த பத்திரிகை தெரியாது. அதுக்கு வேற எழுத்துரு. மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுத்துரு இறங்குகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

காரணம் சிம்பிள். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்தது. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி!

இதைச் சரிபண்ண முதலில் கிளம்பியது தமிழ்நாடு இல்லை, சிங்கப்பூர். 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் வலையில் ஏற்றினார்கள். அதில் தமிழும் இருந்தது. வலையில் ஏறிய ஆரம்பத் தமிழ்ப் பக்கங்களில் அது ஒன்று. அதற்குப் பின்னால் இருந்தவர் நா. கோவிந்தசாமி. தமிழ் எழுத்தாளர், ஆசிரியர். 1997-ல் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியதற்கும் அவர்தான் முக்கியக் காரணம். 1999-ல் காலமாகிவிட்டார்.

அந்த வருஷம் பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு 'தமிழ் இணையம் 99' மாநாட்டை நடத்தியது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல திசைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சும்மா கைகுலுக்கிட்டுப் போகவில்லை. எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையில் செம சண்டை! 'டாம்', 'டாப்' என்று ஒரு கட்சி. புலம்பெயர்ந்த தமிழர்கள் உருவாக்கிய 'திஸ்கி' என்று இன்னொரு கட்சி. ஆனா அந்தச் சண்டைக்கு நடுவிலும் ஒரு விசைப்பலகையை முடிவு பண்ணினார்கள். உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்வரிசை வலது கைக்கு. அதுதான் 'தமிழ்99'.

அடுத்த வருஷமே, 2000 ஜூலையில், சிங்கப்பூரில் கூடி ஒரு நிரந்தர அமைப்பைத் தொடங்கினார்கள். பேர் 'உத்தமம்', அதாவது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம். அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன், சிங்கப்பூரின் அருண் மகிழ்நன், மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு 'மதுரைத் திட்டம்' நடத்திய கு. கல்யாணசுந்தரம் என்று பல நாட்டுக்காரர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். சென்னையில் முடிவான தமிழ்99 கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் வந்து சேர்ந்ததில் மலேசியாக்காரரான முத்து நெடுமாறனுக்குப் பெரிய பங்கு. எந்த நாட்டுச் சட்டமும் இவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பொதுவா இருந்தது ஒரு மொழி மட்டும்தான்.

மூணு காலி நாற்காலி

மேஜையில ஆள் இல்லைன்னா என்ன ஆகும்? அதுக்கும் தமிழிலேயே உதாரணம் இருக்கு.

இன்னைக்கு உங்க வாட்ஸ்அப்பில் தமிழ் தெரிவதற்குக் காரணம் 'யூனிகோட்'. உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துகளுக்கும் பொதுவாக எண் கொடுக்கிற அமைப்பு. 1991-ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கு. சந்தோஷம்தான். ஆனா தமிழுக்கு ஒதுக்கிய கட்டத்தை உற்றுப் பாருங்க. 'க' இருக்கும். அடுத்து 'ங' வரணும் இல்லையா? நடுவில் மூணு இடம் காலி!

ஏன்? இந்திய அரசு 1988-ல் வகுத்த 'இஸ்கி' என்ற முறையை அப்படியே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வரிசை தேவநாகரியை ஒட்டியது. இந்தியில் ஒரு 'க'வுக்கு நாலு 'க' உண்டு. நமக்கு ஒண்ணுதான். மீதி மூணு பேருக்கும் நம்ம வீட்டில் நாற்காலி போட்டு, அது இன்னும் காலியாகவே கிடக்கு. பெரும்பாலான உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனி எண் கிடையாது. 'கு' என்பது கம்ப்யூட்டருக்கு 'க'வும் ஒரு கொக்கியும் சேர்ந்த ரெண்டு துண்டு.

இதை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் பிறகு வாதாடினார்கள். தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தருகிற 'டேஸ்16' என்ற மாற்று முறையை உருவாக்கினார்கள். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று தமிழக அரசு ஆணையே போட்டது. ஆனா உலகம் யூனிகோடோடு ரொம்ப தூரம் போயிருந்தது. ஒரு எழுத்துக்கு ஒருமுறை எண் கொடுத்துவிட்டால் அதை எப்போதும் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் விதி. அதில் நியாயமும் இருக்கு. மாற்றினால் பழைய கோப்புகள் எல்லாம் குப்பையாகிவிடும். ஆனா அதனாலதான் சொல்றேன், முதல் நாள் உட்காராத மேஜைக்கு இருபது வருஷம் கழிச்சுப் போய் நின்னா பிரயோஜனம் ரொம்பக் குறைவு.

இதுக்கு நேர் எதிர் உதாரணமும் உண்டு. 2010-ல் கிரந்த எழுத்துகளுக்கு யூனிகோடில் தனி இடம் கேட்டு ஒரு முன்மொழிவு போனது. அதில் எ, ஒ, ழ, ற, ன என்ற தமிழுக்கே உரிய எழுத்துகளையும் கிரந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவை தமிழ் ஆர்வலர்கள் தூங்கவில்லை. விஷயம் முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரைக்கும் போய், அவர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். முடிவு தள்ளிப்போனது. தமிழக அரசு அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தது. கடைசியில் 2014-ல் கிரந்தத்துக்குத் தனி இடம் கிடைத்தபோது, அந்த ஐந்து தமிழ் எழுத்துகளும் அதில் இல்லை.

கிரந்தம் வேணுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆள் இருந்தால் ஒரு முடிவு, ஆள் இல்லாவிட்டால் வேறு முடிவு. கவனிக்க வேண்டியது அதைத்தான்.

புள்ளிக்கு அப்புறம் என்ன?

சரி, சித்தப்பாவின் முகவரிக்கு வருவோம்.

இன்டர்நெட் முகவரிகளில் ரொம்ப காலம் ஆங்கில எழுத்து 26, எண் 10, ஒரு சின்னக் கோடு, ஆக 37 குறிகளுக்கு மட்டும்தான் அனுமதி. தமிழ், அரபி, சீனம் எதுவும் உள்ளே வர முடியாது. 1990-களின் கடைசியில் இந்தச் சுவரில் ஓட்டை போட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. முன்னாடி சொன்ன சிங்கப்பூர்க் கவிதை வேலையில் நா. கோவிந்தசாமியோடு இருந்தவரும் அவர்தான். சீனர் ஒருவரும் தமிழர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்த அறையிலிருந்து நமக்கும் ஒரு வழி பிறந்திருக்கு!

முகவரியில் புள்ளிக்குப் பின்னால் வருகிற கடைசித் துண்டை யார் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பது 'ஐகான்' என்ற அமைப்பு. 1998-ல் தொடங்கியது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிறது. 2010-ல் இலங்கை ஒரே நேரத்தில் சிங்களத்திலும் தமிழிலும் தன் நாட்டுப் பெயருக்கு இடம் வாங்கிவிட்டது. '.இலங்கை' வந்தது. 2011-ல் '.சிங்கப்பூர்', '.இந்தியா' ரெண்டும் வந்தன. இந்தியா ஒரே மூச்சில் ஏழு மொழிகளில் கேட்டு வாங்கியது. ஆக, நாட்டுப் பெயரைத் தமிழில் முகவரியாக வைத்திருக்கும் நாடுகள் மூணு. அதில் நாம முதல் ஆள் இல்லை.

நாட்டுப் பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. எந்தத் தமிழ் எழுத்துச் சேர்க்கை செல்லும், எது செல்லாது என்று வேறு முடிவு செய்யணும். உதாரணத்துக்கு 'கௌரி'யை எடுத்துக்குங்க. 'கௌ' என்று ஒரே உயிர்மெய்யாகவும் அடிக்கலாம். 'கெ'க்குப் பக்கத்தில் 'ள' போட்டும் அடிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற. 'ஸ்ரீ' கதையும் இதேதான், ரெண்டு விதமா அடிக்கலாம். உங்க பேங்க் பெயரில் இப்படி ஒரு இரட்டைப் பிறவி முகவரியை ஒரு திருடன் வாங்கிவிட்டால்? போச்சு!

இதை அலசத்தான் ஐகானின் கீழ் ஒரு தன்னார்வக் குழு அமைந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், தேவநாகரி, வங்காளம் என்று ஒன்பது எழுத்து முறைகளுக்கும் சேர்த்து ஒரே குழு. ஏன் ஒரே குழு? தமிழ் 'உ'வும் மலையாள 'உ'வும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். 'ஜ'வும் அப்படித்தான். தமிழ் ஆளும் மலையாள ஆளும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் இந்தக் குழப்பம் தீரும். அவர்கள் வகுத்த தமிழ் விதிகள் 2019-ல் ஐகானின் பொது விதித் தொகுப்பில் சேர்ந்தன. இன்றைக்கு யாராவது தமிழில் ஒரு புதிய கடைசித் துண்டு கேட்டு விண்ணப்பித்தால், அதை உரசிப் பார்க்கிற கல் அதுதான்.

ஆனா விண்ணப்பிக்க என்ன செலவு தெரியுமா? 2012 சுற்றில் கட்டணம் 1,85,000 டாலர். அடுத்த சுற்றுக்கு 2,27,000 டாலர் என்று நிர்ணயித்தார்கள். ஏறக்குறைய ரெண்டு கோடி ரூபாய்! வசதி குறைந்த விண்ணப்பதாரர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும், பூட்டுக்காரர்களும் சுங்குடி நெசவாளர்களும் இதைத் தனியாக நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அரசோ, பல நாட்டுத் தமிழ் அமைப்புகளோ கூடினால்தான் வழி.

காந்திகிராமத்துக்கு வந்த மேஜை

'இதெல்லாம் சிங்கப்பூர், கலிபோர்னியா சமாச்சாரம். நமக்கென்ன?' என்று நினைக்கிறீங்களா? இருங்க.

2016 செப்டம்பரில் 15-வது தமிழ் இணைய மாநாடு எங்கே நடந்தது தெரியுமா? திண்டுக்கல்லில்! மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொலோன், ஃபிலடெல்ஃபியா என்று சுற்றிய மாநாடு, அம்பாத்துரை ஸ்டேஷனில் இறங்கி நடந்து போகிற தூரத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் அது டொரன்டோவுக்குப் போய்விட்டது.

இன்னொரு பொருத்தம். அதே 2016 அக்டோபர் 1-ம் தேதிதான், இன்டர்நெட்டின் முகவரிப் புத்தகத்தின் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த மேற்பார்வை ஒப்பந்தம் முடிந்து, பொறுப்பு ஐகானில் பங்கெடுக்கும் உலகச் சமூகத்திடம் வந்தது. அதற்கடுத்த ஐகான் கூட்டம் நவம்பரில் நடந்தது ஹைதராபாத்தில். அதாவது, 'இனிமே நீங்களும் வந்து பேசலாம்' என்று உலகம் சொன்ன அந்த மூணு மாசத்தில், ஒரு மேஜை நம்ம ஊரிலும் இன்னொரு மேஜை ஹைதராபாத்திலும் போட்டிருந்தார்கள்.

என் நண்பர்கள் பத்து பேரிடம் இதைச் சொன்னேன். எல்லாரும் திண்டுக்கல், எல்லாரும் டிகிரி, பாதிப் பேர் ஐ.டி. வேலை. ஒருத்தருக்குக்கூட காந்திகிராம மாநாடு பற்றித் தெரியவில்லை. "அப்படியா? நம்ம ஊர்லயா?" என்று பத்து பேரும் ஒரே மாதிரி கேட்டார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். நா. கோவிந்தசாமியும் ஆனந்தகிருஷ்ணனும் இன்று இல்லை. 1997-ல் முப்பது வயதில் உட்கார்ந்தவர்களுக்கு இப்போது அறுபதை நெருங்கிவிட்டது. அந்த நாற்காலிகளில் அடுத்து யார்?

மெயில் போட்டா மாறுமா?

மாறும். மாறியிருக்கு.

2015-ல் தொலைத்தொடர்பு ஆணையமான 'டிராய்' ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. வெப்சைட்டுகளுக்கும் ஆப்களுக்கும் இடையே டெலிகாம் கம்பெனிகள் கட்டணத்தில் பாகுபாடு காட்டலாமா என்பதும் அதில் இருந்த கேள்விகளில் ஒன்று. நூறு பக்கத்துக்கு மேல், வாயில் நுழையாத ஆங்கிலம். சாதாரணமாக யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். ஆனா சில இளைஞர்கள் அதைப் படித்து, எளிமையாக்கி, வீடியோவாக்கிப் பரப்பினார்கள். 10 லட்சத்துக்கும் மேல் மெயில்கள் குவிந்தன! 2016 பிப்ரவரி 8-ல், தளத்துக்கு ஒரு கட்டணம் என்று பாகுபாடு காட்டக் கூடாது என டிராய் உத்தரவு போட்டது. ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டம் இந்தியாவில் மூட்டை கட்டியது.

அந்தப் பத்து லட்சத்தில் தமிழில் எழுதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கேள்வித்தாளே ஆங்கிலத்தில் இருந்தால், பதில் சொல்லத் தோன்றுவது யாருக்கு? 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்க. உங்க தகவலை எடுக்க ஒரு நிறுவனம் சம்மதம் கேட்கும்போது, அந்தக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க உங்களுக்கு வாய்ப்பு தரணும் என்று அதில் இருக்கு. தமிழும் அதில் அடக்கம். சட்டத்தில் இடம் இருக்கு. 'எனக்குத் தமிழில் காட்டு' என்று கேட்கிற ஆள்தான் வேணும்.

நாம என்ன பண்ணலாம்?

உபதேசம் இல்லை. நடக்கிற காரியம் மட்டும் சொல்றேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவரா? நீங்க எழுதுற ஃபார்மில், இ-மெயில் கட்டத்தைச் சோதிக்க 'ஏ முதல் இசட் வரை' என்று ஒரு வரி போடுவீங்க. எங்கிருந்தோ காப்பியடித்த வரி அது. சித்தப்பாவைத் தடுத்த வாட்ச்மேன் அந்த ஒரு வரிதான். அதை மாற்றுங்க. எல்லா எழுத்திலும் உள்ள முகவரிகளை ஏற்கச் செய்வதற்கென்றே உலக அளவில் ஒரு முயற்சி நடக்கிறது. 2023 மார்ச் 28-ல் அதற்காக ஒரு தனி நாளையே கொண்டாட ஆரம்பித்தார்கள்.

தமிழ் இலக்கிய மாணவரா? உங்களைத்தான் முக்கியமாகத் தேடுறாங்க! 'ஔ'வுக்கும் 'ஒள'வுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர் இல்லாமல் எந்த இன்ஜினீயரும் தமிழ் முகவரிக்கு விதி எழுத முடியாது.

சட்டம், பொருளாதாரம், இதழியலா? ஆசிய பசிபிக் நாடுகளுக்கென்று 2010-லிருந்து ஒரு இன்டர்நெட் ஆளுகை மன்றம் கூடுகிறது. இந்தியாவில் 2016-ல் இதற்கென்றே ஒரு குறுகிய காலப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார்கள். ஐகான் கூட்டங்களுக்குப் போய்வர இளைஞர்களுக்குப் பயண உதவித் திட்டங்கள் உண்டு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகவும் கலந்துகொள்ளலாம். காசு கிடையாது. ஐகான் ஒரு விதியை மாற்றுவதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் இருக்கிற உங்க வயசுப் பசங்களோடு சேர்ந்து எழுதினால், அது ஒரு ஊர்க்காரன் குரலாக இல்லாமல், ஒரு மொழியின் குரலாகப் போய்ச் சேரும். உத்தமம் நமக்குக் காட்டிய வழி அதுதான்.

நாங்க ஆறு பேர் திண்டுக்கல்லில் ஒரு சின்ன வேலை ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடையில் கூடி, அந்த வாரம் கண்ணில் பட்ட வெப்சைட்டுகளின் இ-மெயில் கட்டத்தில் தமிழ் முகவரியை அடித்துப் பார்ப்போம். தடுத்தால், எங்கே தப்பு, எப்படித் திருத்தலாம் என்று நாலு வரி எழுதிப் போடுவோம். திட்ட மாட்டோம். பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. சிலர் 'ஆவன செய்கிறோம்' என்கிறார்கள்.

போன மாசம் ஒரு தளம் உண்மையிலேயே திருத்திவிட்டது. சரிபார்க்க, சித்தப்பாவின் தமிழ் முகவரியிலிருந்தே ஒரு நன்றி மெயில் போட்டோம். அரை மணி நேரத்தில் அதே முகவரிக்குப் பதில் வந்து சேர்ந்தது. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "அளவு சேர்ந்திருச்சுடா" என்றார். "மத்தவங்களுக்கும் எழுதிப் போடுங்க!"